பாட்டுப் புத்தகத்தின் விலையும் மதிப்பும்

திரைப்படம் பற்றிய ஆய்வு நம்மிடையே பெரும்பாலும் திரையிற் காட்டப்பட்டதைப் பற்றிய ஆய்வாகவே இருந்து வந்துள்ளது. திரைக்கு வெளியே, படமாளிகை வாசலிலும் சந்தியிலும் வீட்டுத் திண்ணையிலும் கைமாறிய அச்சுத்தாள்கள் ஆய்வாளரின் கண்ணில் அரிதாகவே பட்டன. தொடக்கவிழாக் காட்சியின்போது வழங்கப்பட்ட நிகழ்ச்சி நிரல், சிறப்பு மலர், கதைச் சுருக்கம், பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம் என்பன இவ்வகையின. ஆயின், வேறொரு சாராரின் கண்ணில் இவை நன்கு பட்டுவிட்டன. சேகரிப்போரும் அவர்க்கு விற்போருமே அச்சாரார். இன்று இத்தாள்களுக்கு ஒரு சந்தை உண்டு. தரம் பிரிக்கும் முறைகளும், அசல் எது போலி எது என்னும் வாதங்களும் உண்டு. ஆய்வாளர் கைவிட்ட பொருளுக்கு வணிகர் அளவுகோல் வகுத்துள்ளனர். அவ்வளவுகோல் எதனை அளக்கின்றது, எதனை அளக்கத் தவறுகின்றது என்பதைத் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை முன்வைத்து, சிறப்பாகக் கிழக்கிலங்கைக் கரையில் கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களை வந்தடைந்த பாட்டுப் புத்தகத்தை முன்வைத்து, நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

மேலைநாட்டு வழக்கை முதலிற் சுருக்கமாகப் பார்க்கலாம். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரி 10 இல் பெர்லினில் முதன்முதற் காட்டப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் மார்பிள் ஆர்ச் பவிலியன் அரங்கில் அது திரையிடப்பட்டபோது 32 பக்க மலரொன்று வெளியிடப்பட்டது. அம்மலரின் எஞ்சிய பிரதியொன்றுக்கு அரிய நூல் வணிகர் 2,000 பவுணுக்கு மேல் விலை கூறினர். நிலத்தின் கீழ் யந்திரங்களோடு மாயும் தொழிலாளரைப் பற்றிய ஒரு படத்தின் விளம்பரத்தாள் இத்தகைய விலை பெறுவதிலுள்ள முரணை ஒருபுறம் விடுவோம். இங்கு முக்கியமானது வேறொன்று. பெர்லினிற் காட்டப்பட்ட முழு வடிவம் சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. 2008 இல் புவனஸ் அயர்ஸ் நகரில் நீண்ட பிரதியொன்று வெளிப்படும்வரை அம்முழு வடிவம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. காட்சிகளின் வரிசையை மீட்டமைக்க முயன்றோர்க்குத் துணைநின்றவை தணிக்கை அலுவலகத்தின் அட்டைகளும், இசையமைப்பாளரின் இசைக்குறிப்பேடுமே. படச்சுருள் அழிந்தவிடத்துத் தாள் சாட்சி கூறிற்று.

இன்னோர் எடுத்துக்காட்டு இதனினும் கூர்மையானது. 'கோன் வித் த விண்ட்' என்னும் அமெரிக்கப் படத்தின் தொடக்கவிழா 1939 டிசம்பர் 15 இல் அட்லாண்டா நகரில் நடைபெற்றது. அப்படத்தில் நடித்த கறுப்பினப் பெண்ணான ஹற்றி மக்டானியல் அவ்விழாவிற் கலந்துகொள்ள இயலவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தின் இனப்பிரிப்புச் சட்டங்கள் அதற்கு இடந்தரவில்லை. தென்மாநிலங்களில் வழங்கப்பட்ட நிகழ்ச்சி நிரலிற் கறுப்பின நடிகரின் படங்களும் இடம்பெறவில்லை. இரு வாரத்தின் பின் ஹொலிவுட்டில் நடந்த விழாவுக்கு அவர் சென்றார். தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் வற்புறுத்தலால் அங்கு வழங்கிய நிகழ்ச்சி நிரலில் அவரது படம் முதன்மையாகவே இடம்பெற்றது. ஆக, ஒரே படத்துக்கு, ஒரே மாதத்தில், இரு தாள்கள். சேகரிப்புச் சந்தை இவ்விரண்டையும் 'தொடக்கவிழாப் பிரதி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கி, மேலட்டை மடிந்துள்ளதா, கம்பித் தையல் துருவேறியுள்ளதா என வினவும். வரலாற்று மாணவனோ ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத அந்த முகத்தையே தேடுவான். இரு தாள்களையும் அருகருகே வைத்தாலன்றி அது புலப்படாது. சேகரிப்பின் உண்மையான நியாயம் இவ்வொப்பீட்டிலேயே தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நம் நாட்டு வழக்குக்கு வருவோம். தமிழ்ச் சினிமாவின் துணையச்சு அழைக்கப்பட்ட விருந்தினருக்கென உருவானதன்று. விழா மலர்களும் சிறப்பிதழ்களும் இருந்தனவெனினும் வெகுசனத்தைச் சென்றடைந்தது அணாக்கணக்கிலும் சதக்கணக்கிலும் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகமே. தாள் மட்டமானது, அச்சு பலவேளை மங்கலானது, எழுத்துப் பிழைகளோ எண்ணிலடங்கா. மேலட்டையிற் படத்தின் பெயரும் நாயக நாயகியரின் உருவமும் இருக்கும். உள்ளே நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், கதைச் சுருக்கம், அதன்பின் பாடல்கள். 1930களின் புத்தகங்களிற் பாடலின் தலையில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருத்தல் உண்டு. கதைச் சுருக்கம் நெருக்கடியான ஓர் இடத்தில் அறுபட்டு, மீதியை வெள்ளித்திரையிற் காண்க என்னும் வாசகத்தோடு முடியும். இவ்வாசகத்தை நாம் நகைப்போடு நினைவுகூர்வது வழக்கம். ஆனால் அதனை ஓர் இலக்கிய உத்தி எனக் கொண்டு நோக்குவாரில்லை. முடிவை மறைத்துக் கதை சொல்லும் ஓர் உரைநடை வடிவம், இலட்சக்கணக்கான பிரதிகளில், இலக்கியம் பயிலாத வாசகரிடையே தலைமுறைக் கணக்கிற் புழங்கியது சாதாரண நிகழ்வன்று. நமது தொடர்கதை வாசகனின் ஆவலைப் பயிற்றியதில் வாரப் பத்திரிகைக்கு மட்டுமே பங்கு என்று எழுதிவரும் இலக்கிய வரலாறுகள் இதனையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

பாட்டுப் புத்தகம் வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு முன்னரே முச்சந்திகளில் விற்கப்பட்ட சிந்து, கும்மி, ஒப்பாரி, கொலைச்சிந்து முதலான மலிவுப் பதிப்புகள் இருந்தன. இவற்றைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 2004 இல் 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நாடகக் கம்பனிகளின் பாட்டுப் புத்தகங்களும் இம்மரபிலேயே வந்தன. முஸ்லிம் மக்களிடையே கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் முதலானவை அச்சேறிப் பரவியிருந்தமை நாமறிந்ததே. எனவே கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ ஒருவர் சினிமாப் பாட்டுப் புத்தகத்தைக் கையிலெடுத்தபோது, அவ்வுருவம் அவருக்குப் புதியதன்று. சிறு நூலை வாங்கி, அதனைக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் பாட, மற்றவர் கேட்டு மனனஞ் செய்யும் பழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. சினிமா அப்பழக்கத்துள் நுழைந்தது என்பதே சரி.

இது ஒருவழிப் போக்குமன்று. இசுலாமியப் பக்திப் பாடல்கள் பல சினிமா மெட்டுகளில் இயற்றப்பட்டன. பாடலின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று குறிப்பிடுவது சிறு நூல்களின் நெடுநாள் வழக்கம். அக்குறிப்பு பயன்பட வேண்டுமாயின் பாடுபவருக்கு மூலப்பாட்டுத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே மார்க்கப் பாடல் நூலும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தவாறே ஒன்றையொன்று சார்ந்திருந்தன. மார்க்கப் பெரியோர் சினிமாவைக் கண்டித்தமை உண்மை. அக்கண்டனத்தினூடே மெட்டு மட்டும் மதில் தாண்டி வந்தமையும் உண்மை. 'குலேபகாவலி' (1955), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) போன்ற படங்களின் அரபு, பாரசீகக் கதைச்சூழலை இவ்வூர்களின் வாசகர் எவ்வாறு ஏற்றனர் என்பது தனித்து ஆராயத்தக்கது. கிஸ்ஸாக்களிற் கேட்டுப் பழகிய உலகமொன்று எம். ஜி. இராமச்சந்திரனின் முகத்தோடு மேலட்டையில் வந்து நின்றபோது நிகழ்ந்தது வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கத்தக்கதன்று.

கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் வெளியிட்ட தமிழ்ச் சினிமாவும் அரசியலும் பற்றிய ஆங்கில ஆய்வில், சாதி பாராது எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு படமாளிகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் ஆற்றலே என்றும் எடுத்துக்காட்டினார். இக்கருத்து மறுக்கவியலாதது. ஆயினும் அக்கூரையின்கீழ் வராதோரும் இருந்தனர். படமாளிகை இல்லாத ஊரார் ஒரு சாரார். படமாளிகைக்குச் செல்லும் வழக்கமில்லாத வீட்டுப் பெண்கள் மற்றொரு சாரார். இவர்களுக்குச் சினிமா என்பது வானொலியிற் கேட்ட குரலும், கையிலிருந்த பாட்டுப் புத்தகமுமேயாம். இந்திய வானொலியில் பி. வி. கேஸ்கர் 1952 இலிருந்து சினிமாப் பாடல்களுக்கு இடந்தர மறுத்த காலத்தில் இலங்கை வானொலி அவ்விடத்தை நிரப்பிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வொலியைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் வரியைத் தொடர்ந்த ஒரு வாசிப்பு முறை இங்கு உருவானது. படம் பாராமலே அதன் கதையையும் பாட்டையும் அறிந்தோரை இரசிகர் என்பதா, வாசகர் என்பதா? எதுவெனினும், சிவத்தம்பி கூறிய சமத்துவ அரங்கின் எல்லைக்கு வெளியே நின்றோரின் சினிமா அனுபவத்துக்கு இத்தாளை விட்டால் வேறு ஆதாரம் கிடைப்பதரிது.

இவ்விடத்தில் கிழக்குக் கரையின் சமூக அமைப்பைப் பற்றி ஒரு சொல். இப்பகுதித் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுவதையும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சென்று மணமகன் பெண் வீட்டிற் குடியேறுவதையும் அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு ஆராய்ந்த டென்னிஸ் மக்கில்வ்றே விளக்கியுள்ளார். இளைஞன் ஒருவன் தன் றங்குப் பெட்டியிற் சேர்த்த சில்லறைப் பொருள்கள் அவன் மணமுடித்துச் செல்கையிற் பெரும்பாலும் பிறந்தகத்திலேயே தங்கும். அவ்வீடோ சகோதரிக்கு உரியதாகும். வீட்டுச் சேகரிப்பைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் ஆணிடம் விசாரித்து வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தேட வேண்டிய இடம் சகோதரியின் வீட்டுப் பரண்.

இனி, சந்தையின் அளவுகோலை நேராகவே நோக்குவோம். சேகரிப்போர் நான்கு வினாக்களையே பெரிதும் எழுப்புவர்: நட்சத்திரம் யார்? முதற்பதிப்பா? பழுதற்றதா? அரியதா? முதல் வினாவினால் எம். ஜி. ஆர்., சிவாஜி, பாகவதர் ஆகியோரின் பெயர் தாங்கிய தாள்கள் மேலேறும். பெயரறியா நடிகர் நடித்த படத்தின் தாள் கீழிறங்கும். நட்சத்திரம் என்னும் பண்டத்தை உற்பத்தி செய்த வணிகமே அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அப்பண்டத்தின் நிழலுக்கு விலை கூறுகின்றது. இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் மூன்றாம் வினா உண்மையிலேயே கேடு பயப்பது. கறைபடியாத, மடியாத, எவரும் பெயரெழுதாத பிரதியே உயர்ந்ததெனக் கருதப்படுகின்றது. அதாவது, எவரும் பயன்படுத்தாத பிரதி. பயன்மதிப்பு சுழியமாக இருந்தமையே பரிமாற்ற மதிப்பை உயர்த்தும் விந்தை இங்கு நிகழ்கின்றது.

ஒரு பிரதியைக் கற்பனை செய்து கொள்வோம். மேலட்டை கிழிந்து கோதுமை மாப் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. ஓரத்தில் தேநீர்க் கறை. பின்னட்டையில் வாங்கிய கடையின் இறப்பர் முத்திரை. உள்ளே ஒரு பாடலின் அருகிற் பென்சிற் கோடு. அச்சுப்பிழையொன்று மையினால் திருத்தப்பட்டுள்ளது. அரபுத் தமிழ் எழுத்தில் ஒரு பெயர். சந்தையில் இப்பிரதி கழிவுத்தாள். ஆய்வாளனுக்கோ, எந்த ஊரில் விற்றது, யார் கையிற் புழங்கியது, எப்பாட்டுப் பாடப்பட்டது, அப்பாட்டு வானொலியில் எவ்வாறு ஒலித்தது, வாசகர் எவ்வெழுத்திற் பயிற்சி பெற்றவர் என்னும் வினாக்கள் அனைத்துக்கும் விடை தரும் ஆவணம். வால்டர் பெஞ்சமின் தமது நூல்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தடுக்கும் அனுபவம் பற்றி 1931 இல் எழுதிய கட்டுரையிற் சேகரிப்பாளனின் காதலைப் பரிவோடு விளக்கினார். 1937 இல் எடுவார்ட் ஃபுக்ஸ் பற்றி எழுதியபோது, வெகுசன அச்சுகளைச் சேர்ப்பவன் எவ்வாறு வரலாற்றாசிரியனாகவும் ஆகலாம் என ஆராய்ந்தார். சேகரிப்பாளனை வெறும் பேராசைக்காரனெனத் தள்ளுவது நமது நோக்கமன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன். பல தாள்கள் இன்று எஞ்சியிருப்பதே அத்தகையோராலேதான்.

சேகரிப்பாளர் கைவரப் பெற்றுள்ள சில அறிவுகள் ஆய்வாளரும் கற்கத்தக்கன. போலிப்பிரதியைக் கண்டறியும் முறை அவற்றுள் ஒன்று. ஈய எழுத்துக் கோத்து அடித்த தாளைப் புரட்டினால் எழுத்தின் அமுக்கத்தடம் பின்புறம் விரலுக்குத் தென்படும்; பிற்காலப் படியெடுப்பில் அது இராது. விலை மற்றொரு சான்று. இந்தியாவில் 1957 ஏப்ரலிலேயே தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. அணாவில் விலை குறித்த புத்தகம் பொதுவாக அதற்கு முந்தியது. 'நயா பைசா' எனக் கண்டால் 1957 க்கும் 1964 க்கும் இடைப்பட்டதெனக் கொள்ளலாம். இலங்கையிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ரூபாவும் சதமுமே வழக்கு. ஆகவே சதத்தில் விலை அச்சிட்ட புத்தகம் இங்குள்ள வாசகரை எண்ணியே அச்சிடப்பட்டது. எழுத்துருவும் உதவும். தமிழ்நாட்டரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் ணை, லை, றா முதலான எழுத்துகளின் பழைய வடிவங்கள் அங்கு மறையத் தொடங்கின. இலங்கை அச்சகங்களில் அவை மேலும் சிலகாலம் நீடித்தன. எனவே பழைய வடிவம் மட்டுமே பழமைக்குச் சான்றாகாது. எங்கு அச்சிடப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும். விநியோகத்தரின் பெயரும் இதிற் சேரும். அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972 இல் இயங்கத் தொடங்கி இறக்குமதியைத் தன்வசமாக்கியது. அதற்கு முந்திய தாள்களிற் சினிமாஸ் லிமிடெட், சிலோன் தியேட்டர்ஸ் ஆகிய தனியார் நிறுவனங்களின் பெயர் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இத்தாள்களின் சான்று எப்போதும் நம்பத்தக்கதெனக் கூறவியலாது. படம் முடிவடையுமுன்னரே அச்சிடப்பட்டமையால், படத்திலிருந்து நீக்கப்பட்ட பாடல் புத்தகத்தில் எஞ்சியிருத்தல் உண்டு. பின்னணி பாடியோரின் பெயர் விடுபடுதலும், பாடலாசிரியர் பெயர் மாறுதலும் உண்டு. தயாரிப்பாளரின் விளம்பர நோக்கு ஒவ்வொரு வரியிலும் ஊடுருவியுள்ளது. எனினும் பொய் சொல்லும் ஆவணமும் எதனை மறைக்க விரும்பியது என்பதைத் தெரிவிக்கும்.

தொலைந்த படங்களைப் பொறுத்தமட்டில் வேறு வழியேயில்லை. எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்து, 1931 அக்டோபர் 31 இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. அப்படத்திற் கதைக்குத் தொடர்பற்ற தேசிய இயக்கப் பாடல்களும் தியாகராசர் கீர்த்தனைகளும் இடம்பெற்றமையையும், மதுர பாஸ்கரதாஸ் பாடல் எழுதியமையையும் நாம் அறிவது அச்சுச் சான்றுகளின் துணையாலேயே. சு. தியடோர் பாஸ்கரன் 1981 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தேசிய இயக்கத்துக்கும் நாடகம், சினிமா ஆகியவற்றுக்குமிடையிலான தொடர்பை நிறுவியபோது, கல்வியுலகம் குப்பையென எண்ணிய இத்தகைய அச்சுகளே அவருக்கும் கைகொடுத்தன.

இலங்கைக்கு இது இன்னும் பொருந்தும். முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரி 21 இற் கொழும்பிலே தொடங்கிவைக்கப்பட்டது. அதன் தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் ஒரு தமிழர். படப்பிடிப்பு நிகழ்ந்தது மதுரையில். நாயகி ருக்மணி தேவி பிறப்பில் டெய்சி ராசம்மா. தேசிய சினிமாவின் தூய்மை பற்றிப் பேசுவோர் ஒரு பெயர்ப்பட்டியலைச் சற்று நிதானமாக வாசித்தால் போதும். இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? 'சமுதாயம்' (1962), 'தோட்டக்காரி' (1963) தொடக்கம் 'குத்துவிளக்கு' (1972), வானொலி நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்த 'கோமாளிகள்' (1976), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' (1978) ஈறாக நீளும் அவ்வரிசையிற் பலவற்றை இன்று பார்க்கவியலாது. 1983 ஜூலையிற் கே. குணரத்தினத்துக்குரிய ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழர் உடைமையான படமாளிகைகள் பலவும் எரிந்தன. தம்பிஐயா தேவதாஸ் இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையை ஒரு நூலாக எழுதிவைத்திராவிடின், நம்மிடம் எஞ்சுவது மூத்தோரின் நினைவு மட்டுமே. தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை காவலூர் இராசதுரையினுடையது. நடித்தோருள் மௌனகுருவும் சித்திரலேகா மௌனகுருவும் உளர். சிங்கள இயக்குநர் ஒருவரும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் கூடி நின்ற ஒரு தருணம் அந்நடிகர் பட்டியலில் உறைந்துள்ளது. அத்தகைய படத்தின் அச்சுத்தாளுக்குச் சந்தையில் நட்சத்திர விலை கிடைக்கப் போவதில்லை; ஏனெனில் அதில் நட்சத்திரம் எவருமில்லை.

நம்மவர் மனப்பாங்கையும் இங்குக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளையும் சினிமாவையும் நச்சிலக்கியம் எனச் சாடிய முற்போக்கு இயக்கம், 1970களின் முற்பகுதியில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதனை வரவேற்றது. ஈழத்து எழுத்துக்கு ஒரு களம் பிறக்க அக்கட்டுப்பாடு உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளின் தரத்தை மறுப்பதும் அதன் சமூக இருப்பை மறுப்பதும் வேறு வேறு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நம் ஆய்வாளர் விரும்பித் தொகுத்தனர். வயலிலும் வாடியிலும் சென்று கேட்டெழுதினர். அதே வாய்கள் சினிமாப் பாட்டையும் பாடின. ஏட்டிற் பதிந்தது முன்னையது மட்டுமே. மக்கள் கலை என நாம் தெரிந்தெடுத்ததையும் மக்கள் உண்மையிற் பாடியதையும் பிரித்த கத்தரிக்கோல் மார்க்கப் பெரியோரிடம் மட்டும் இருக்கவில்லை. மார்க்கமும் முற்போக்கும் வேறெதிலும் ஒன்றுபடாத ஊர்களில் இந்த ஒன்றில் ஒன்றுபட்டன. பாட்டுப் புத்தகம் கச்சான் சரையாயிற்று.

தமிழகத்தில் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் வேற்றுமையின்றிச் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அச்சேகரிப்பைப் பெற்று, 1994 இற் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. சேகரிப்பு கடல் கடந்து செல்லாமல் தமிழ் மண்ணிலேயே தங்கியமை பாராட்டத்தக்க முடிவு. 'நாடோடி மன்னன்' (1958) காலந்தொட்டுத் திரையுலக மக்கள் தொடர்பாளராக விளங்கிய பிலிம் நியூஸ் ஆனந்தனின் சேகரிப்பைத் தமிழ்நாட்டரசு 2002 இல் வாங்கியது. 2004 இல் அவரது தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல் வெளியாயிற்று. இருவரும் விலையை எண்ணிச் சேர்த்தவரல்லர். ஒருவர் ஊரிலிருந்து எதையும் கழிவென எண்ணாமற் சேர்த்தார். மற்றவர் தொழிலின் நடுவிலிருந்து நாளாந்தம் சேர்த்தார். சந்தை அளவுகோலின்படி 'அரியன' மட்டும் தெரிந்தெடுத்திருப்பின் இருவர் சேகரிப்பும் இன்றைய பயனைத் தந்திரா. சாதாரணமானவை ஏராளமாக இருப்பதாலேயே அவற்றைக் கொண்டு ஒப்பிட முடிகின்றது.

நமது கரையில் அத்தகைய எவருடைய சேகரிப்பும் நிறுவனமாகவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைத் தமிழுலகம் அறியும். வீட்டுப் பரண்களில் இருந்தவற்றின் அழிவுக்கோ நாளும் இல்லை, நினைவுகூரலும் இல்லை. போரும் இடப்பெயர்வும் ஒரு பங்கைக் கொண்டன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடக்கம் பொத்துவில் வரை கரையோரக் குடியிருப்புகளைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. உயிர்ச்சேதத்தின் முன் தாளைப் பற்றிப் பேச எவருக்கும் நாவெழாது; எழவும் கூடாது. ஆயினும் காலம் சென்றபின் கேட்கத்தான் வேண்டும்: கடலோர வீடுகளின் றங்குப் பெட்டிகளோடு போனவை எவை? கரைக்கு மேற்கே, வயலோரக் குடியிருப்புகளில் எஞ்சியுள்ளவை எவை?

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியில் உருவாயிற்று. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட அவ்விடத்தில் இப்பகுதியின் துணையச்சுகளுக்கென ஒரு பேழையை ஒதுக்குவது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. மூலத்தை வீட்டாரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டுமென்பதுமில்லை. விலை பேசத் தொடங்கினால் நட்சத்திரப் பெயர் பொறித்தவை மட்டுமே வெளிவரும், ஏனையவை பழைய தாளென்றே அடுப்புக்குப் போகும். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி ஈழத்து அச்சுகளை வருடிப் பாதுகாக்கும் வழியைக் காட்டியுள்ளது. வருடியபின் மூலத்தை உரியவரிடமே மீளக் கையளிக்கலாம். பட்டியலிடும்போது படத்தின் பெயர், ஆண்டு, நடிகர் என்பவற்றோடு, எந்த ஊரில் எவ்வகை வீட்டிற் கிடைத்தது, யார் பாடினார்கள், எவ்வெழுத்திற் குறிப்பெழுதப்பட்டுள்ளது, இதன் மெட்டில் வேறு பாட்டேதும் அவ்வீட்டார் அறிவரா என்பவற்றையும் கேட்டெழுத வேண்டும். மெட்டைப் பற்றிய வினாவுக்கு விடை கூறவல்ல தலைமுறையினர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். இன்னொன்று: வருடுவோர் வெற்றுப் பக்கமெனப் பின்னட்டையை விட்டுவிடுவதுண்டு. அதுவும் வருடப்பட வேண்டும். கடை முத்திரையும் பென்சிற் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.